டப்பாவிடம் கேட்ட அம்மிணி

போன மாதம் ஒரு சின்னப் பெண் வந்தாள். கையில் சிலேட்டு மாதிரி ஒரு கணினி. நாடு முழுக்க எந்தக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். அரிசியில் ஆரம்பித்து பருப்பு, எண்ணெய், செருப்பு, ரீசார்ஜ் வரைக்கும் வந்தாள். நானும் சலிக்காமல் சொன்னேன். எல்லாம் முடிந்து எழுந்தவள் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி மறுபடி உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒண்ணுங்க பாட்டி. இந்த ஏழு நாள்ல உங்க அடுப்புல ஆனதை, இதுல எழுதின ஆளுங்க போக, வேற யாராச்சும் சாப்பிட்டாங்களா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது அந்த அம்மிணியின் கேள்வி. ஒரு சொல்கூட மாறவில்லை.

"இந்தக் கேள்விய யாரு போட்டாங்க கண்ணு?"

"ஆபீஸ்ல இருந்து வர்றதுங்க. கேக்கறது மட்டும்தான் எங்க வேலை."

"கேட்டுப்போட்டு, சித்த நேரம் பேசாம இருக்கச் சொல்லியிருப்பாங்களே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆமாங்க. மனசுக்குள்ள பத்து எண்ணணும்னு சொன்னாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். பெருமாநல்லூர் ரோட்டில் எங்களுக்கு எட்டு ரூம் லைன் வீடு இருக்கிறது. சில வருடம் முன்பு அதில் கடைசி ரூமில் அந்த அம்மிணி மூன்று மாதம் குடியிருந்தார். கழுத்தில் பெயர் எழுதிய அட்டை தொங்கும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அதைப் படித்து முடிப்பதற்குள் அவர் நகர்ந்துவிடுவார். அதனால் அவர் எனக்குக் கடைசிவரைக்கும் அம்மிணிதான்.

ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான தேகம். இரண்டே நூல் சேலை, மாற்றி மாற்றி. டெல்லி ஆபீசில் வேலை. நாடு முழுக்கக் கேட்கப்போகும் கேள்விகளை உருவாக்குகிற இடமாம் அது. "பனியன் ஆர்டர் தைக்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல சாம்பிள் பீஸ் போடுவாங்க இல்லையா? அந்த மாதிரி, கேள்விகளை முதல்ல இங்க போட்டுப் பாக்கறோம்" என்றார். அப்படிச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது.

வந்த அன்றைக்கே எனக்கும் அவருக்கும் சண்டை.

"எத்தனை குடும்பம் இருக்காங்க?" என்று கேட்டார்.

"எட்டு ரூம். உங்க ரூம் போக ஏழு குடும்பம்" என்றேன். வாடகைக்கு விடுகிறவளுக்குத் தெரியாதா?

மறுநாள் சாயங்காலம் வந்து, "ஆறு குடும்பம்தாங்க" என்றார். "மூணாம் ரூமும் நாலாம் ரூமும் ஒரே அடுப்புல சாப்பிடுறாங்க. ஒரே அடுப்புன்னா ஒரே குடும்பம்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஆறாம் ரூம்ல அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. அடுப்பு ரெண்டு. அப்ப மறுபடி ஏழு" என்றார்.

பீகார்ப் பையன்கள் இருவர் சண்டை போட்டுப் பத்து நாளாகியிருக்கிறது. பக்கத்தில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வந்த இவருக்குத் தெரிந்திருக்கிறது. "சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க சொல்லலை. உப்பு டப்பா ரெண்டு இருந்துச்சு."

அவர் ஆளிடம் பேசுகிறவர் அல்ல. டப்பாவிடம் பேசுகிறவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், அலமாரியைப் பார்ப்பார். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல மூடியின்மேல் உள்ளங்கையை வைப்பார். பிறகுதான் திறப்பார். பையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் தராசு இருக்கும். எதை எடை போட்டாலும் அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்திலோ டப்பாவின் மேலேயோ எழுதிவிடுவார். "ஞாபகம் பொய் சொல்லுங்க. வேணும்னு சொல்லாது, ஆனா சொல்லும். டப்பா சொல்லாது." இதை அவர் வாயில் நூறு தடவை கேட்டிருப்பேன்.

இன்னொரு பழக்கம் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். எங்கள் பக்கம் வாசலுக்கு வந்தவர்கள் ஒரு டம்ளர் மோராவது குடிக்காமல் போனால் வீட்டுக்காரிக்கு அவமானம். "ஏனுங்க அம்மிணி, எங்க ஊட்டுத் தண்ணி உங்க தொண்டைக்குள்ள இறங்காதுங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் குடிச்சா உங்க கணக்குல விருந்தாளி, உங்க பேச்சுல ஒறம்பரைன்னு ஒருத்தரைச் சேக்கணும்மா. எண்ணறதுக்கு வந்தவ எண்ணிக்கையில விழக்கூடாது" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த 'வேற யாராச்சும் சாப்பிட்டாங்களா' ஆகட்டும், வேறு எதுவாகட்டும், கேள்வி கேட்டுவிட்டு அவர் சும்மா இருப்பார். அதுதான் பெரிய வித்தை. நாமெல்லாம் பதில் வராவிட்டால் எடுத்துக் கொடுப்போம். அவர் கண்ணைக்கூட இமைக்காமல் இருப்பார். அந்த மௌனத்தில் ஆளுக்கு ஒன்று ஒன்றாக ஞாபகம் வரும். கம்பெனி வாசல் பேக்கரியில் குடித்த டீ, கூட்டாளிக்கு வாங்கிக் கொடுத்த பன், பெண்டாட்டிக்குத் தெரியாமல் வாங்கிய பான்பராக்கு, எல்லாம் வெளியே வந்து விழும்.

இரண்டாம் ரூமில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவளிடம் பட்டியலைக் கேட்டுக்கொண்டு வந்தவர், "நாப்கின்?" என்றார். "இந்த மாசம் வாங்கல" என்றாள். "போன மாசம்?" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. அந்தப் பெண் விரலை மடக்கி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அப்படியே வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் என்னிடம் ஓடி வந்தாள். "ஆச்சி, சந்தோசமான சேதிதான். ஆனா என் வயித்துல இருக்கது எனக்குத் தெரியதுக்கு முன்ன அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கே! எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. இனிம எங்க வீட்டு அலமாரிக்கு ஒரு துணியப் போட்டு மூடப்போறேன்."

துணி போட்டாள். அவளைப் பார்த்து எல்லாரும் போட்டார்கள்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் ஊரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கறி மணக்கும். வெள்ளிக்கிழமை டப்பாவில் அடி தெரியும். அந்த அம்மிணி ஒரு வெள்ளிக்கிழமை எல்லா வீட்டிலும் அரிசியை எடை போடப் போகிறார் என்று தெரிந்தது. என் லைனில் இருப்பவர்களை இல்லாதப்பட்டவர்கள் என்று டெல்லியில் எழுதி வைப்பதா? எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டிலிருந்து பத்துக் கிலோ அரிசியை முதல் ரூமுக்குக் கொடுத்தேன். அங்கே எடை போட்டு முடித்ததும் பின்பக்கமாக இரண்டாம் ரூமுக்குப் போகும். அங்கிருந்து மூன்றாவதுக்கு. பெண்கள் சேலைக்குள் மறைத்துக் கொண்டு ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் அவர் என் வாசலில் வந்து நின்றார். கையை விரித்துக் காட்டினார். உள்ளே ஒரு துண்டு வசம்பு. அரிசியில் வண்டு விழாமல் இருக்க நான்தான் வசம்பு போட்டு வைப்பேன். லைனில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

"இந்த வசம்பு அஞ்சு வீட்டுல இருந்துச்சுங்க. கால் வலிக்கும் அதுக்கு" என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எழுதிட்டீங்களா?" என்றேன்.

"தப்பு உங்க மேல இல்லை, எங்க மேல. திங்கள்கிழமை கேட்டா இந்த லைன் பணக்கார லைன். வெள்ளிக்கிழமை கேட்டா ஏழை லைன். எந்தக் கிழமை கேக்கறதுன்னு நாங்கதான் யோசிச்சிருக்கணும்." வசம்பை என் உள்ளங்கையில் வைத்தார். "அதைவிடப் பெரிய தொல்லை ஒண்ணு இருக்கு. பாக்க வந்தா, பாக்கற பொருள் மாறிப்போயிருது. எல்லா ஊர்லயும் இதேதான்."

அந்தப் பேச்சை நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். எதற்கு உதவும் என்று அப்போது தெரியாது.

என் வீட்டுக்குள் மட்டும் அவரை நான் விடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே மகன். முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மிணி வருவதற்கு எட்டு வருடம் முன்பு ஒரு காலையில் காப்பியைப் பாதி குடித்தான். "மீதிய வந்து குடிச்சுக்கறனுங்கம்மா, மூடி வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. கம்பெனிக்கும் போகவில்லை. தேடாத இடமில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று அம்மிணி கேட்டால் ஒன்றா இரண்டா, எதைச் சொல்வேன்?

சேவூரில் இருக்கும் என் தம்பி மாதம் ஒரு தடவை வந்து ஒரே பேச்சுத்தான் பேசுவான். "ஏனுங்க்கா, சட்டமே ஏழு வருசத்துக்கு மேல ஆள் இல்லீன்னு சொல்லிப்போடுது. காரியத்தப் பண்ணிப்போடலாம். ரேசன் கார்டுல பேர எடுத்துப்போடலாம். அவன் ஆத்மா அலையுதுன்னு ஊரே பேசுது."

"உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குடா காரியம்?"

"இருக்கறான்னு யாரு சொல்றா? நீங்க ஒருத்திதான சொல்றீங்க!"

அந்தச் சொல் சுட்டுவிட்டது. நான் வாக்குக் கொடுத்தால் மாறாதவள் என்று அவனுக்குத் தெரியும். "சரிடா. டெல்லிக்கு எழுதற அம்மிணி இங்கதான் இருக்குது. அது என்ற ஊட்டுல எத்தன பேருன்னு எழுதுதோ, அதுக்கு நான் கட்டுப்படறேன். ஒண்ணுன்னு எழுதினா வர்ற அமாவாசைக்கே காரியத்தப் பண்ணு" என்றேன்.

அப்படித்தான் அந்த அம்மிணி என் சமையலறைக்குள் வந்தார். வாக்குக் கொடுத்ததை அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். "ஒரு வருசத்துக்கு மேல வெளியில இருக்கறவங்களை எழுதக்கூடாதுங்கறது விதிம்மா" என்றார். பிறகு அலமாரிக்கு முன்னால் நின்றார். ஒவ்வொரு மூடியாகக் கை வைத்துக்கொண்டே வந்தவர், காப்பித்தூள் டப்பாவில் நிறுத்தினார்.

"நீங்க சுக்குத் தண்ணிதான குடிப்பீங்க?"

"ஆமாங்க. காப்பி எனக்கு ஆகாது."

"இது எத்தனை நாளைக்கு ஒரு தடவை வாங்குவீங்க?"

"மாசத்துக்கு இருநூறு கிராம். தீரத் தீர வாங்கறதுதான்."

"யாரு குடிக்கறாங்க?"

அவர் சும்மா நின்றார். நானும் நின்றேன். சுவரில் பல்லி ஓடியது. எட்டு வருடமாக டப்பா காலியாகும், நான் வாங்கிப் போடுவேன். யார் குடிக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்த நிமிடம்தான் அது எனக்கே உறைத்தது. அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒறம்பரைக்குப் போடுவீங்களா?"

"டீதானுங்க போடுவேன்."

"தூக்கத்துல எந்திரிச்சு நடக்கற பழக்கம்?"

"எனக்குத் தூக்கமே கெடையாதுங்க அம்மிணி."

வேறு யாராக இருந்தாலும் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று போயிருப்பார்கள். அவர் தராசை எடுத்தார். டப்பா எடை போக, புதுத் தூள் சரியாக இருநூறு. மூடியைச் சுற்றிக் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். "ஏழு நாள் பாப்போம். இந்த அடுப்புல இருந்து யாரோ குடிக்கறாங்கன்னு டப்பா சொன்னா, விதி என்னவா இருந்தாலும் நான் எழுதறேன்" என்றார்.

ஏழு நாளும் காலை பத்து மணிக்கு வந்தார். எடை போட்டார். இருநூறு. இருநூறு. ஏழாவது நாளும் இருநூறு.

அவர் பேனாவை எடுத்தார். வீட்டில் இருப்பவர்கள் என்ற கட்டத்துக்கு மேலே பேனா போனதும் நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அதுவரைக்கும் நான் யார் கையையும் பிடித்துக் கெஞ்சியதில்லை.

"நீங்கதான சொன்னீங்க, பாக்க வந்தா பாக்கற பொருள் மாறிப்போயிருதுன்னு? என்ற பையன் வெளியாளுக முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டான். அத்தன கூச்சம். நீங்க சீல் வெச்சுப்போட்டு நித்தமும் வந்து நின்னா அவன் எப்படீங்க குடிப்பான்?"

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. வழக்கமான மௌனம் மாதிரி இல்லை அது. இந்தத் தடவை பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று மட்டும் தெரிந்தது. பேனாவை மூடினார். மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து எடுத்தார்.

"சரிங்கம்மா. இன்னும் ஏழு நாள். யாரும் பாக்க வேண்டாம். நீங்களும் மூடியைத் தொடாதீங்க. கடைசி நாள் ஒரே ஒரு தடவை எடை போடறேன். அதுதான் முடிவு."

அந்த வாரத்தில் இரண்டு நாள் தம்பி வீட்டு விசேஷத்துக்கு நான் சேவூர் போக வேண்டியிருந்தது. வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனேன். அங்கே தம்பி புரோகிதரிடம் நாளே குறித்து வைத்திருந்தான்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் அவர் ஊரைவிட்டுக் கிளம்புகிறார். தம்பியும் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அந்த அம்மிணி உள்ளே வந்து மூடியின்மேல் கை வைத்தார். எப்போதும் போல இல்லாமல் உடனே திறந்தார். நேராகத் தராசில் வைத்தார்.

அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். டப்பாவை எடுத்துவிட்டு வெறும் தராசைப் பார்த்தார். மறுபடி வைத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி வைத்தார். அவர் கை நடுங்கி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"எவ்வளவுங்க?" என்றேன்.

"நூறு."

இருநூறில் நூறு இல்லை. எனக்கே திகைப்பாக இருந்தது. "மாசத்துக்கே இருநூறுதானுங்க. வாரத்துக்கு அம்பதுக்கு மேல போகாதே?"

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். சமையலறையைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். கதவுக்குப் பின்னால் கூடப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, இரண்டாவது ஆள், ஆண், என்று எழுதினார். "வயசு?" என்றார்.

"முப்பத்திநாலு" என்றேன்.

"அது போனப்ப. இப்ப நாப்பத்திரெண்டு" என்று எழுதிக்கொண்டார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. எட்டு வருடத்தில் அவனுக்கு வயது கூடியிருக்கும் என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை.

தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு சொன்னார்: "கணக்கு முடிஞ்சுது. இப்ப ஒரு காப்பி போட்டுக் குடுங்கம்மா."

மூன்று மாதமாகப் பச்சைத் தண்ணீர் தொடாதவர். போட்டுக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தார், உடம்பில் சூடு ஏற்றிக்கொள்கிறவர் மாதிரி. மறுநாள் காலையில் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. வாசலில் இருந்த தம்பியிடம், "ரெண்டுன்னு எழுதியாச்சு. புரோகிதர்கிட்டச் சொல்லிப்போடு" என்றேன். அவன் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இது இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பத்து நாள் கழித்து அந்தக் கடைசி ரூமை வேறு ஆளுக்கு விடுவதற்காகக் கூட்டினேன். சுவர் அலமாரியில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரிப்பதற்கு முன்பே மணம் வந்துவிட்டது. காப்பித்தூள். மேலே அவர் கையெழுத்தில் எண். எழுத்துத்தான் எனக்குத் தட்டும், எண் தட்டாது. 50.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். சாவி கொடுத்துவிட்டுப் போன இரண்டு நாள் ஞாபகம் வந்தது. டப்பா பொய் சொல்லாது என்று நூறு தடவை சொன்னவர், எனக்காக அந்த டப்பாவைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார். முதலில் கோபம்தான் வந்தது. என் மகனை எழுத எனக்கு எவருடைய இரக்கமும் வேண்டாம். கோபம் அடங்கினதும், வாழ்நாளெல்லாம் அவர் கட்டிக் காத்த ஒன்றை ஒரு கிழவிக்காக உடைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று தோன்றியது. அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

அப்புறம்தான் அந்த எண்ணை மறுபடி பார்த்தேன்.

அவர் எடுத்தது ஐம்பது. டப்பாவில் குறைந்திருந்தது நூறு.

அவர் கை ஏன் நடுங்கியது, கதவுக்குப் பின்னால் ஏன் பார்த்தார், எதற்காகச் சூடாக ஒரு காப்பி கேட்டார் என்றெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பொட்டலத்தை எடுத்து வந்து டப்பாவிலேயே கொட்டினேன். அன்றிலிருந்து அதை எடை போட்டதில்லை. யாரையும் போட விட்டதுமில்லை. தீர்ந்தால் வாங்குவேன். தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் வந்த அந்தச் சின்னப் பெண் மனதுக்குள் பத்து எண்ணி முடித்தாள். உதடு அசைந்தது. "யாருமே சாப்பிடலீங்களா பாட்டி?" என்றாள்.

"வேற யாரும் இல்ல கண்ணு" என்றேன். "மொதல்லயே ரெண்டு பேருன்னு எழுதிட்டியே. அவ்வளவுதான்."